மாட்டை விற்க வேண்டாம், அம்மிணி

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு 64 வயது. மஞ்சள், கொஞ்சம் வாழை, நாலு கறவை மாடு. இரண்டு வருஷத்துக்கு முன்பு வலது கை ஆட ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். யோசித்துப் பார்த்தால் அதற்கும் முன்பே, பால் கணக்கு எழுதும் நோட்டில் அவர் எழுத்து எறும்பு ஊர்வது போல் சிறுத்துவிட்டது. மாத்திரை போட்டால் நடை வருகிறது, ஆனால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டுதான் இருக்கும் என்கிறார்கள். போன மாதம் மச்சினர் ஒரு வீடியோ அனுப்பினார். மூளையே சுரக்கும் பெப்டைடுகள் நரம்பு செல்லைச் சாகவிடாமல் காக்கும் என்று அதில் வருகிறது. ஒரு கிளினிக்கில் விசாரித்தோம். 20 ஊசி, ஒன்றே முக்கால் லட்சம், போகப் போக மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்றார்கள். அப்பா இரண்டு மாட்டை விற்றுவிடலாம் என்கிறார். கொள்ளும் முட்டையும் நிறையக் கொடுத்தால் பெப்டைடு தானே ஊறும் என்கிறார் அம்மா. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை செய்கிறேன், வாரம் ஒரு தடவைதான் ஊருக்குப் போக முடிகிறது. நாங்கள் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மிணி, முதலில் இன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டு மாட்டை விற்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யார் சொன்னாலும் மாத்திரையைக் குறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அப்புறம் மீதியை நிதானமாகப் படியுங்கள்.

மச்சினர் அனுப்பிய வீடியோ பொய்யில் ஆரம்பிக்கவில்லை. நம் மூளையே சுரக்கும் சில பெப்டைடுகள் நரம்பு செல்களைக் காப்பாற்றுவதை ஆய்வுக்கூடங்களில் பல வருஷமாகப் பார்த்து வருகிறார்கள். எனக்கும் அந்த ஆய்வுகள் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் எலிக்குப் பலித்தது உங்கள் அப்பாவுக்கு மருந்தாக வந்து சேர நடுவில் பல மடைகள் திறக்க வேண்டும். சில திறந்திருக்கின்றன, சில இன்னும் அடைத்தே கிடக்கின்றன.

நான் மருத்துவ மாணவனாக இருந்தபோது எங்கள் பேராசிரியர் ஒரு தட்டில் இரண்டு நடுமூளைத் துண்டுகளை வைத்துக் காட்டினார். ஒன்றில் இரண்டு பக்கமும் கண்மை இழுத்தது போல் கருப்பாக ஒரு கோடு. இன்னொன்றில் அந்தக் கோடு வெளிறி, துவைத்துத் துவைத்துச் சாயம் போன வேட்டிக் கரை மாதிரி இருந்தது. அது பார்க்கின்சன் வந்து இறந்தவருடைய மூளை. அந்தக் கருப்புப் பட்டைக்கு சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று பெயர். டோபமைன் என்ற ரசாயனத்தைச் செய்யும் செல்கள் அங்கே இருக்கின்றன. டோபமைன் செய்து செய்து உள்ளே படிகிற நிறமிதான் அந்தக் கருப்பு. செல் செத்தால் கருப்பும் போய்விடும். இத்தனை வருஷம் ஆகியும், புதிதாக ஒருவருக்கு நோயின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தட்டு என் கண் முன்னால் வந்து நிற்கிறது.

மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அந்தக் கருப்புப் பட்டையில் டோபமைன் செய்பவை இரு பக்கமும் சேர்த்து 4 முதல் 6 லட்சம்தான். இந்தக் கொஞ்சம் பேர்தான் நடை, கையசைவு, முகபாவம் எல்லாவற்றுக்கும் டோபமைன் பாய்ச்ச வேண்டும். ஒரே ஒரு செல் கிளை விட்டுக் கிளை விட்டு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்குகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் தோட்டத்துக் கிணற்றில் 5 எச்பி மோட்டாரை வைத்துக்கொண்டு இருபது ஏக்கருக்கு ராவும் பகலும் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? காயில் சூடேறும், ஒரு நாள் புகையும். டோபமைன் செல்லின் கதையும் ஏறத்தாழ அதுதான். உள்ளே சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா களைத்துப்போகிறது. அதோடு ஆல்ஃபா சினுக்ளின் என்ற புரதம், 140 அமினோ அமிலம் கோத்த ஒரு சங்கிலி, மடிய வேண்டிய விதத்தில் மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகச் சேர்கிறது. அந்தக் கட்டிகளை 1912-லேயே ஃபிரிட்ஸ் லூயி என்ற ஜெர்மன் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார். அவை எதனால் ஆனவை என்று தெரிய 1997 ஆகிவிட்டது. செல்லைச் சுற்றிக் காவல் நிற்கும் மைக்ரோகிளியா என்ற செல்களும் மிரண்டுபோய், காக்க வேண்டியதையே தாக்கத் தொடங்குகின்றன.

இதெல்லாம் கை ஆடுவதற்குப் பல வருஷம் முன்பே தொடங்கிவிடும். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: மஞ்சள் வேகவைக்கும்போது எழும் அந்த வாசம் அப்பாவுக்குத் தெரியாமல் போய் எத்தனை வருஷம் ஆகிறது? தூக்கத்தில் கத்துவது, கையைக் காலை வீசுவது, தீராத மலச்சிக்கல், இவை இருந்தனவா? எழுத்து சிறுத்ததை நீங்களே கவனித்திருக்கிறீர்கள், அதுவும் இந்த நோயின் அடையாளம்தான். கை ஆட ஆரம்பித்து எங்களிடம் வரும்போது அந்தச் செல்களில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். உங்கள் மனசை வருத்த இதைச் சொல்லவில்லை. பெப்டைடு விஷயம் புரிய இந்தக் கணக்கு தேவைப்படும்.

அப்பா சாப்பிடும் லெவோடோபா மாத்திரை, மோட்டார் ஓய்ந்த தோட்டத்துக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து விடுவது மாதிரி. பயிர் நிமிரும். ஆனால் மோட்டாரை அது ரிப்பேர் செய்யாது. பெப்டைடு ஆய்வுகள் தேடுவது வேறு. மிச்சமிருக்கும் மோட்டார்களின் காயில் கருகாமல் காக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி.

பெப்டைடு என்பது சின்ன அமினோ அமிலச் சரம். புரதம் நீள மாலை என்றால் இது ஒரு முழம் பூ. மூளை இவற்றைச் செய்தி அனுப்பப் பயன்படுத்துகிறது. பார்க்கின்சன் ஆய்வில் அதிகம் பேசப்படும் ஒன்றுக்கு பேக்கேப் என்று பெயர். 1989-ல் அகிரா அரிமுராவின் குழு செம்மறி ஆட்டு மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது. 38 அமினோ அமிலம். இது செல்லின் மேல் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி ஒன்றில் போய் உட்கார்ந்ததும் உள்ளே பல வேலைகள் நடக்கின்றன. சாவை நடத்திவைக்கும் நொதிகள் அடங்குகின்றன, செல்லுக்கு ஊட்டம் தரும் பிடிஎன்எஃப் போன்ற காரணிகள் கூடுகின்றன, மிரண்ட மைக்ரோகிளியா கொஞ்சம் அமைதியாகிறது.

2004-ல் ஹங்கேரியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். எலியின் மூளையில் டோபமைன் செல்களைக் கொல்லும் நஞ்சைச் செலுத்தினால் அந்தக் கருப்புப் பட்டை காலியாகிவிடும். பேக்கேப் கொடுத்த எலிகளில் கணிசமான செல்கள் பிழைத்தன. எலிகள் நடமாட்டத்திலும் சீக்கிரம் தேறின. படிக்கும்போது எனக்கே சிலிர்ப்பாக இருந்தது. ஆனால் அதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள், அம்மிணி. பேக்கேப்பை அவர்கள் நேரே மூளைக்குள், அந்தப் பட்டையிலேயே செலுத்தினார்கள். அதுவும் நஞ்சு கொடுப்பதற்கு முன்பே. உங்கள் அப்பா எங்களிடம் வந்தது பாதிச் செல்கள் போன பிறகு. வெள்ளம் வருவதற்கு முன் கரையைப் பலப்படுத்துவதும், உடைந்த பிறகு மூட்டை அடுக்குவதும் ஒரே வேலை இல்லை.

மூளைக்குள் செலுத்தியது ஏன் என்றால், கையில் போடும் ஊசியில் பேக்கேப் ரத்தத்தில் சில நிமிஷங்களிலேயே சிதைந்துவிடும். தப்பினாலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பைத் தாண்டிப் போதிய அளவு போய்ச் சேராது. மூக்கு வழியாகச் செலுத்துவது, சிதையாதபடி மாற்றிச் செய்வது என்று முயற்சிகள் நடக்கின்றன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே பேக்கேப்பை ரத்தத்தில் ஏற்றினால் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் தலைவலி கிளம்பிவிடுகிறது. அதனால் பேக்கேப்பைத் தடுக்கும் மருந்து ஒன்றைத் தலைவலிக்காகச் சோதித்து, வலி நாள்கள் குறைந்ததாக 2024-ல் அறிவித்தார்கள். ஒரு நோய்க்கு வேண்டும் என்பதை இன்னொரு நோய்க்குத் தடுக்கிறார்கள். மூளையின் சொந்தச் சரக்குத்தானே, கெடுதல் செய்யாது என்ற எண்ணம் அதனால்தான் தப்பு.

மனிதர்களில் உண்மையிலேயே சோதித்த பெப்டைடு வேறு. அதன் கதை ஒரு பல்லியிலிருந்து ஆரம்பிக்கிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்று நம் உடும்பு மாதிரி, ஆனால் விஷமுள்ள பல்லி ஒன்று இருக்கிறது. அதன் உமிழ்நீரில் ஜான் எங் என்ற மருத்துவர் 1992-ல் கண்டுபிடித்த 39 அமினோ அமிலப் பெப்டைடு, நம் குடலும் மூளைத்தண்டும் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற பெப்டைடைப் போலவே வேலை செய்தது. சீக்கிரம் சிதையவும் இல்லை. அதுவே எக்ஸனடைடு என்ற சர்க்கரை நோய் ஊசியாக வந்தது. இன்று உடம்பு இளைக்கப் போடும் ஊசிகளும் இதே குடும்பம்தான். இது எலிகளில் டோபமைன் செல்லைக் காப்பதைப் பார்த்த லண்டன் ஆய்வாளர்கள் பார்க்கின்சன் உள்ள 62 பேருக்குச் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஊசி போட்டவர்கள் 48 வாரத்திலும், நிறுத்தி 12 வாரம் கழித்தும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். அந்த வருஷம் என்னிடம் வந்த எத்தனையோ குடும்பங்கள் அந்தச் செய்தியை வெட்டிக் கொண்டுவந்தன. நானும் பொறுங்கள், வரும் என்றுதான் சொன்னேன்.

2024-ல் பிரான்சிலிருந்து இன்னொரு நல்ல சேதி. இதே குடும்பத்து லிக்சிசெனடைடை, நோய் தெரிந்து 3 வருஷத்துக்குள் இருந்த 156 பேரிடம் ஒரு வருஷம் சோதித்தார்கள். மருந்து இல்லாதவர்களின் அசைவு மதிப்பெண் 3 புள்ளி மோசமாகியது, மருந்து எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்குக் குமட்டல். அப்புறம் 2025 பிப்ரவரியில், எல்லோரும் காத்திருந்த பெரிய எக்ஸனடைடு பரிசோதனையின் முடிவு வந்தது. 194 பேர், 96 வாரம், அதே லண்டன் குழு. மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. என்னிடம் வந்த அத்தனை முகங்களும் ஞாபகம் வந்தன.

கதவு மூடிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு மட்டும் வேலை செய்யலாம், இன்னும் சீக்கிரமே ஆரம்பிக்க வேண்டியிருக்கலாம், மூளைக்குள் நன்றாகப் போகும் வகை தேவைப்படலாம். நம் உடம்பிலேயே உள்ள எல்எல்-37 என்ற 37 அமினோ அமிலப் பெப்டைடு, ஆல்ஃபா சினுக்ளின் கட்டிகளில் விஷமானதைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது என்று 2021-ல் பார்சிலோனாவில் சோதனைக்குழாயில் காட்டினார்கள். அந்த வழி எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. ஆனால் 2026-ல் உட்கார்ந்துகொண்டு, பார்க்கின்சனில் நரம்பு செல் சாவதை நிறுத்துகிறது என்று மனிதர்களிடம் நிரூபித்த பெப்டைடு மருந்து ஒன்றைக்கூட என்னால் எழுதித் தர முடியாது. வேறு எந்த மருத்துவராலும் முடியாது.

அப்படியானால் அந்த 20 ஊசியில் என்னதான் இருக்கிறது? பல இடங்களில் போடுவது பன்றி மூளைப் புரதத்தைச் சிதைத்து எடுத்த பெப்டைடு கலவை. பக்கவாதத்துக்கும் மறதி நோய்க்கும் சில நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். பார்க்கின்சனைத் தடுக்கும் என்று காட்டிய பெரிய பரிசோதனை அதற்கு இல்லை. கிளினிக்காரர்கள் இது புது ஆராய்ச்சி என்று சொன்னால் சிடிஆர்ஐ பதிவு எண் என்ன என்று கேளுங்கள். இந்தியாவில் மனிதர்களிடம் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளை அந்த அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். நிஜமான பரிசோதனையில் சேருகிறவரிடம் சோதனை மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார்கள் என்றாலே அது பரிசோதனை இல்லை, வியாபாரம்.

மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்று சொன்னதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வரவைத்தது. காங்கேயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இப்படி எதையோ நம்பி லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினார். நாலாம் நாள் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். உடம்பு பலகை மாதிரி விறைத்து, காய்ச்சல் 104 டிகிரி, கண் மட்டும் என்னைத் தேடியது. வண்டி மாட்டைக் கொம்பைப் பிடித்து அடக்கிய மனிதர், ஒரு டம்ளர் தண்ணீரை விழுங்க முடியாமல் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் பழைய நடை திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆஸ்பத்திரியில் வேறு எதற்காகச் சேர்த்தாலும் இந்த மாத்திரை வேளை தவறக்கூடாது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரைக்கு நாளாக நாளாக உடம்பு பழகிவிடும், அதனால் முடிந்தவரை தள்ளிப்போடலாம் என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். நெதர்லாந்தில் 445 பேரிடம் அதைச் சோதித்து 2019-ல் சொன்னார்கள்: முதலிலேயே ஆரம்பித்தவர்களும் 40 வாரம் தள்ளி ஆரம்பித்தவர்களும் 80 வாரம் முடிவில் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். மாத்திரை நோயை வேகப்படுத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

வேலியில் படரும் பூனைக்காலியை உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள், காயின் சுணை பட்டாலே அரிக்கும். அதன் விதையில் லெவோடோபா இருப்பதை 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதனால் நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கலாமா என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பொடியிலும் அளவு வேறு. மாத்திரையோடு சேர்ந்தால் கை கால் தன்னிச்சையாக நெளிய ஆரம்பிக்கும். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

அம்மாவின் கொள்ளுக்கு வருகிறேன். எவ்வளவு கொள்ளும் முட்டையும் சாப்பிட்டாலும் வயிறு எல்லாவற்றையும் தனித்தனி அமினோ அமிலமாக வெட்டிவிடும். அதிலிருந்து எந்தப் பெப்டைடு எவ்வளவு செய்வது என்பதை மூளை செல் தன் மரபணுவைப் பார்த்துத் தீர்மானிக்கும். சாப்பாட்டால் பேக்கேப்பைக் கூட்ட முடியாது. ஆனால் அம்மா கேட்டதில் வேறொரு முக்கியமான விஷயம் மாட்டியிருக்கிறது. லெவோடோபாவும் ஒரு அமினோ அமிலம்தான். குடலிலும் மூளை வாசலிலும் மற்ற அமினோ அமிலங்கள் ஏறுகிற அதே பஸ்ஸில்தான் அதுவும் ஏற வேண்டும். கொள்ளுப் பருப்பு, முட்டை, பால் என்று கூட்டம் முன்னாலேயே ஏறிவிட்டால் மாத்திரைக்கு இடம் கிடைக்காது. நம் பக்கத்தில் பால் கறந்து வந்ததும் ஒரு டம்ளர் காய்ச்சி, அதோடு மாத்திரையை விழுங்குவது சாதாரணமாக நடக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று ஊகிக்கிறேன். அதை மாற்றுங்கள். வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ. இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். கொள்ளையும் பருப்பையும் நிறுத்த வேண்டாம், உடம்பு இளைத்தால் இந்த நோயில் அதுவே தனித் தொல்லை. அரிசியும் பருப்பும் சாதத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். சில பேருக்கு இந்த நேர மாற்றம் ஒன்றே, மாத்திரை அளவைக் கூட்டாமல், பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் நல்ல நடையைத் திருப்பித் தந்திருக்கிறது.

இன்னொன்றும் இன்றைக்கே செய்ய வேண்டியது. வீட்டில் அப்பாவின் மருந்துப் பை முழுவதையும் கட்டிலில் கொட்டிப் பாருங்கள். கேஸ், நெஞ்செரிச்சல் என்று வாங்கிய மாத்திரையின் பட்டையில் லெவோசல்பிரைடு என்று இருக்கிறதா? வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு? தலைசுற்றலுக்கு சின்னரிசின், புளூனரிசின்? இவை எல்லாம் டோபமைனின் வேலையைத் தடுக்கக்கூடியவை. இல்லாதவருக்கே நடுக்கத்தை உண்டாக்கும், இருப்பவரை இன்னும் முடக்கும். வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேஸ் மாத்திரையால் கை ஆடிக்கொண்டு என்னிடம் வருகிறார். அந்தக் கேஸ் மாத்திரையை நிறுத்தியதும் பெரும்பாலானவர்கள் சில மாதத்தில் தேறிவிடுகிறார்கள்.

நரம்பு செல்லைக் காப்பது பற்றித்தான் கேட்டீர்கள். அதில் ஒரு விவசாயக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது உண்டு. 1982-ல் கலிஃபோர்னியாவில் கலப்படமான போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் ஒரே வாரத்தில், பல வருஷப் பார்க்கின்சன் நோயாளி மாதிரி உறைந்துபோனார்கள். எம்பிடிபி என்ற ரசாயனம்தான் காரணம் என்று வில்லியம் லாங்ஸ்டன் கண்டுபிடித்தார். பெப்டைடு ஆய்வுகளில் எலிகளுக்குக் கொடுக்கிற நஞ்சுகளில் இதுவும் ஒன்று. அது உடம்புக்குள் மாறி உருவாகும் வடிவம் பார்க்க பாராகுவாட் களைக்கொல்லி மாதிரியே இருக்கும். 2011-ல் அமெரிக்க விவசாயக் குடும்பங்களிடம் செய்த ஆய்வில், பாராகுவாட்டையோ ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியையோ பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் ஏறத்தாழ 2.5 மடங்கு அதிகம் காணப்பட்டது. அப்பாவுக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மிச்சமுள்ள செல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மனிதர் இனிமேல் மருந்து டப்பாவை முதுகில் மாட்டக் கூடாது. மஞ்சளுக்குக் களை ஆள் வைத்தே வெட்டுங்கள். இதற்கு ஊசியை விடக் குறைவாகத்தான் செலவாகும். அடிக்கத்தான் வேண்டும் என்றால் அடிப்பவர் யாராக இருந்தாலும் கையுறையும் முகக்கவசமும் போடட்டும், காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டி நிற்கட்டும்.

அப்புறம் நடை. அமெரிக்காவில் மாத்திரை ஆரம்பிக்காத 128 பேரிடம் ஒரு பரிசோதனை செய்து 2018-ல் சொன்னார்கள். இதயத்துடிப்பு உச்ச அளவில் 80 முதல் 85 சதவீதம் வரும்படி, வாரம் 4 நாள் என்று திட்டமிட்டு ஏறக்குறைய 3 நாள், 6 மாதம் டிரெட்மில்லில் வேகமாக நடந்தவர்களின் அசைவு மதிப்பெண் கிட்டத்தட்ட நகரவே இல்லை. சும்மா இருந்தவர்களுக்கு 3 புள்ளி கெட்டது. அந்த 3 புள்ளியை மேலே பிரான்ஸ் ஊசியிலும் பார்த்தீர்கள். உடற்பயிற்சி செல்லைக் காக்கிறது என்று மனிதர்களிடம் அறுதியாகச் சொல்ல முடியாது. எலிகளில் ஓட்டம் பிடிஎன்எஃப் போன்ற அதே ஊட்டக் காரணிகளைக் கூட்டுகிறது. குமட்டல் இல்லை, விலையும் இல்லை. உங்கள் ஊரில் தடப்பள்ளி வாய்க்கால் கரை இருக்கிறதே. ஒரு தடவை இதயத்தைச் சோதித்துக்கொண்டு, காலையில் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும், பேசலாம் ஆனால் பாட்டுப் பாட முடியாது என்கிற வேகத்தில் அரை மணி நேரம் நடக்கட்டும். மாட்டுக்குத் தட்டு அறுக்கிறேனே, அதுவே பயிற்சிதானே என்பார். அது வேலை. மூச்சு வாங்கும் நடை வேறு.

வாசப்படியில் கால் ஒட்டிக்கொள்வது போல் நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள், அல்லது தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொல்லுங்கள். தாளம் இருந்தால் மூளை வேறு வழியாகக் காலை எடுத்துவிடும். இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மி பழகுகிறார்களே, உங்கள் ஊரில் மாலையில் நடந்தால் அம்மா அவரையும் கூட்டிப்போகட்டும். கும்மியின் வட்டத்துக்குள் போக வேண்டாம், ஓரத்தில் நின்று பாட்டுக்குத் தகுந்தபடி அடியெடுத்து வைத்தால் போதும். என்னிடம் வரும் ஒரு தறிக்காரர், மருந்துக் கடையில் மூன்று நிமிஷம் உறைந்து நிற்பவர், கும்மிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே என் அறை வாசலைத் தாண்டி வருகிறார்.

சரி, ஒன்றே முக்கால் லட்சத்தில் ஒரு பங்கை நல்ல பிசியோதெரபிக்கு வையுங்கள். விழாமல் திரும்புவது, கட்டிலிலிருந்து எழுவது, சத்தமாகப் பேசுவது எல்லாம் கற்றுத்தருவார்கள். குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை. நீங்கள் வாரம் ஒருமுறைதான் போகிறீர்கள் என்பதால், சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரில் மாத்திரை போட்ட நேரத்தையும் எப்போது நடை வந்தது, எப்போது கை மறுபடி ஆடியது என்பதையும் அம்மாவை எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரக் குறிப்பு இருந்தால் அப்பாவைப் பார்க்கும் டாக்டர் மாத்திரை நேரத்தைச் சரியாக மாற்றுவார். அவரிடம் போகும்போது அந்தத் தாள்களோடு பால் கணக்கு நோட்டையும் எடுத்துப்போங்கள். எழுத்து சிறுக்கத் தொடங்கிய பக்கம், மாத்திரை ஆரம்பித்த பிறகு எழுதிய பக்கம், போன வாரத்துப் பக்கம், மூன்றையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.